மாப்பிள்ளையின் கணுக்கால்

அத்தியாயம் 11

கோபம் வந்தால் சில ஆண்கள் கத்துவார்கள். சிலர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். பூவராகன் இரண்டும் செய்யமாட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு பேசாமல் போய்விடுவான். போனவன் மறுபடி எப்போது வாயைத் திறப்பான் என்பது அவனுக்கே தெரியாது. இப்படிப்பட்டவனோடு குடித்தனம் செய்கிறவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

காணும் பொங்கலன்று பொழிச்சலூர் ஏரிக்கரையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ரயில்வே டீமுக்குக் கபடி ஆடுகிற மாப்பிள்ளை பூவராகன், மாமியார் ஊர்ப் பையன்களோடு வேடிக்கையாக ஆட இறங்கினான். கோட்டின் ஓரத்தில், கார்னர் என்று சொல்கிற இடத்தில், மச்சான் ஏகநாதன் நின்றான். பிளஸ் டூ படிக்கிற பொடியன். பாடிக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பில் குப்புறப் போட்டுவிட்டான். ஊரே விசில் அடித்தது. பூவராகன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான், சட்டையை மாட்டினான், மனைவி காந்தாவை அவள் அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். அவளுடைய தாய்மாமன் லோகநாதன் நாலு நடை நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, சித்திரை பிறந்த பிறகுதான் அவளைத் தாம்பரம் குவார்ட்டர்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இப்போது ஆனி. ஏகநாதனின் மார்க்கைப் பார்த்து எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்கப்போவதில்லை. முடிச்சூர் சாலையில் இருந்த கல்லூரியில் விளையாட்டுக் கோட்டாவில் ஒரு இடம் இருந்தது. கபடிக்கு, அதிலும் இடது கார்னருக்கு. இன்று தேர்வு. கிடைத்தால் பி.ஏ. வரலாறு. கிடைக்காவிட்டால் லோகநாதன் மாமாவின் ஜல்லி லாரியில் கிளீனர். மாமா அதற்கு நாள்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

அதனால்தான் விடிந்தும் விடியாததுமாகக் காந்தா பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி, பொழிச்சலூருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அம்மன் கோயிலுக்குப் போவதாகப் புருஷனிடம் சொல்லியிருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பொய்க்குத் துணையாகத் தேங்காய், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் கையில் எடுத்து வந்திருந்தாள்.

ஏகநாதன் கொல்லைப்புறத்தில் பயிற்சிக்காகக் குந்தி எழுந்துகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"இன்னாக்கா, இந்நேரத்துல?"

"உள்ள வா. அம்மா காதுலயும் விழணும்."

அடுப்படியில் பச்சையம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மகள் நின்ற கோலத்தைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னிக்கு உன் முன்னாடி பாடிகினு ரெய்டு வரப்போறது யாருன்னு தெரியுமாடா?" என்றாள் காந்தா. "உங்க மாமா, என் வூட்டுக்காரரு. காலேஜு சாரு அவரைத்தான் வரச்சொல்லிக்கீறாரு."

ஏகநாதன் முகம் மலர்ந்தது. "நெசமாவா? மாமா எந்தக் கால்ல திரும்புவாருன்னு எனக்கு அத்துப்படிக்கா!"

"அதாண்டா எனக்குப் பயம்" என்றாள் காந்தா. "நேத்து சாயங்காலம் கணுக்காலுக்கு எண்ணெய் தேச்சுகினே சொல்றாரு, 'நாளைக்கு உன் தம்பி கிட்ட நான்தான் போறேன், பாக்கலாம் அவன் கையை'ன்னு. சொல்லிட்டுச் சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கலை."

"இன்னா பண்ணணும்ன்றே?"

"மத்தவன் எவன் வந்தாலும் புடி. அவரு காலை மட்டும் வுட்டுடு."

"அக்கா! கார்னர்ல நிக்கறவன் காலைப் புடிக்கலைன்னா அப்புறம் இன்னாத்துக்கு நிக்கறது?"

"காலேஜு பசங்க, ரயில்வே ஆளுங்க அத்தினி பேரும் பாக்கற எடம்டா. ஏரிக்கரையில விழுந்ததுக்கே என்னை இங்க வுட்டுட்டுப் போனாரு. அங்க விழுந்தா? இந்த தபா லோகநாதன் மாமா எத்தினி நடை நடந்தாலும் ஆவாது."

பச்சையம்மா மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள். "அக்கா சொல்றது சரிடா. நீதான் மத்தவனையெல்லாம் புடிக்கப்போறியே. மாப்பிள்ளைக்கு ஒரு மரியாதை குடுத்தா இன்னா கொறைஞ்சு பூடும்?"

ஏகநாதன் சுவரைப் பார்த்தான். அக்கா அம்மா வீட்டில் கிடந்த நாட்களில் அவள் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததை அவனும் பார்த்தவன்தான். அதற்குத் தன் கைதான் காரணம் என்று அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"சரிக்கா" என்றான்.

காந்தா சத்தியம் கேட்கவில்லை. அவன் சரி என்றால் சரிதான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை. அதுவே அவனுக்கு வினையாக வந்து முடியும் என்று அன்று காலை யார் கண்டது?

அம்மா வீட்டுக் குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு அடுத்த வண்டியில் தாம்பரம் திரும்பினாள். பூவராகன் குளித்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தான். "நீயும் வாயேன், வந்து பாரு" என்றான். என்றும் இல்லாத திருநாளாக அவளை ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டான்.

கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் ஒரு புங்க மரம். அதன் நிழலில் தாயும் மகளும் நின்றார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே சேலை கட்டிய இரண்டே பேர்.

பிசிகல் டைரக்டர் அசரியா சாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விசில் கழுத்தில் தொங்கியதே தவிர ஊதவில்லை. கபடி பார்க்கிறவர்கள் எல்லாம் பாடி வருகிறவனைப் பார்ப்பார்கள். அவரோ கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து கார்னரில் நிற்கிற பையனின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிகால் தரையில் ஒட்டியிருந்தால் பையன் பயந்திருக்கிறான் என்பது அவர் கணக்கு. கை எவ்வளவு நீளம், தோள் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான்.

பூவராகன் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து என்னமோ சொன்னான். அசரியா சார் ஏகநாதனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காந்தா அதைப் பார்த்துவிட்டாள். என் தம்பியைப் பற்றி என்ன போட்டுக்கொடுக்கிறாரோ என்று நினைத்தாள். அவள் மனசில் அன்று வேறு நினைப்புக்கு இடமே இல்லை.

ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டி, கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் ஏகநாதன். இன்னொருவன் கோவளத்திலிருந்து வந்த அந்தோணிசாமி. வலை இழுத்துக் காய்ப்பு ஏறிய கை. பிடித்தால் விடமாட்டான், ஆனால் பிடிக்க நேரம் எடுத்துக்கொள்வான். ஏகநாதன் ஒல்லி. உடம்பில் கனம் போதாது. ஆனால் ஆசை காட்டினால் ஏமாறமாட்டான். ரெய்டர் காலை நீட்டி நீட்டி இழுப்பான், இவன் அசையமாட்டான். எந்தக் காலில் அவனுடைய பாரம் இறங்குகிறதோ அந்தக் காலுக்கு மட்டும் கை போகும். கல்லூரிப் பையன்கள் பாடி வந்தார்கள், அவன் கையில் மாட்டிக்கொண்டு விழுந்தார்கள். ஒருவன் எழுந்து, "எப்படிடா புடிச்சே?" என்று அவனையே கேட்டான்.

அசரியா சார் குந்தியிருந்தவர் எழுந்து நின்றே பார்க்க ஆரம்பித்துவிட்டார். பச்சையம்மா மகளின் கையை அழுத்தினாள். "ஆயிட்ச்சுடி. நம்ம புள்ளதான்."

"கடைசியா ஒண்ணு" என்றார் சார். "பூவராகன் ரெண்டு பேர் கிட்டயும் போவான். அதைப் பாத்துட்டுச் சொல்லிடறேன்."

முதலில் அந்தோணிசாமி. பூவராகன் உண்மையாகவே ஆடினான். பையனைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு ஓடி வந்தான். கடைசித் தடவை அந்தோணிசாமி காலைக் கட்டிப்பிடித்துவிட்டான். பூவராகன் அவனையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டான். பையனின் முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. பிடியை விடவில்லை.

பிறகு ஏகநாதன்.

"கபடிக் கபடிக் கபடி" என்று பாடிக்கொண்டு பூவராகன் நேராக இடது ஓரத்துக்கே போனான். வலது காலை முன்னால் வைத்தான். ஏகநாதனின் கை பாதி தூரம் போய் நின்றது. பூவராகன் திரும்பி வந்துவிட்டான்.

இரண்டாவது முறை அதே ஓரம், அதே கால். ஆனால் காந்தா இந்த முறை ஒன்றைக் கவனித்தாள். ஏரிக்கரையில் கபடி பார்த்து வளர்ந்தவள் அவள். ரெய்டு போகிறவன் குதிகாலை ஊன்றமாட்டான். ஊன்றினால் திரும்பமுடியாது. பூவராகன் குதிகாலை ஊன்றினான். ஊன்றி, பாரத்தை அதன்மேல் இறக்கி, ஒரு நொடி அப்படியே நின்றான்.

காந்தாவுக்குத் தலையில் அடித்தது போல விளங்கியது. இவர் பழி தீர்க்க வரவில்லை. காலைக் கொடுக்கிறார். என் தம்பி பிடிக்கட்டும் என்று கொடுக்கிறார்.

நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். அந்தோணிசாமியிடம் அப்படி ஆடிவிட்டு இவனிடம் இப்படி ஆடுவது என்ன நியாயம்? ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாவது முறை பூவராகன் கிட்டத்தட்ட நின்றேவிட்டான். கால் ஏகநாதனின் கைக்கு நேரே இருந்தது. கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. பிடிடா என்று சொல்ல வழியில்லை. பாட்டை நிறுத்தினால் அவன் அவுட். "கபடிக் கபடிக் கபடி" என்று அதையே மேலும் மேலும் உரக்கப் பாடினான்.

ஏகநாதனின் கை அவனையறியாமல் முன்னால் போனது.

"ஏகா!" என்று காந்தா கத்தினாள்.

பிடி என்று அடுத்து கத்தத்தான் வாயைத் திறந்தாள். பச்சையம்மா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "இன்னாடி இது, ஆம்பிளைங்க மத்தியில! மானம் போவுது!"

ஏகநாதன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். மறக்கவில்லை என்பது போல லேசாகத் தலையாட்டினான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பூவராகன் அவன் தோளைத் தொட்டான், வெறுமனே ஒப்புக்குத் தொட்டான். நடந்தே திரும்பி வந்தான். ஒருவரும் விசில் அடிக்கவில்லை.

அசரியா சார் மைதானத்துக்குள் வந்தார்.

"பூவராகா, நீ காலைக் குடுத்தே. நான் குருடன் இல்லை. அது உன் தப்பு" என்றார். பிறகு ஏகநாதனிடம் திரும்பினார். "தம்பி, உன் கை போச்சு. அப்புறம் திரும்பி வந்துடுச்சு. ஏன்?"

ஏகநாதன் காலால் மண்ணைக் கிளறினான்.

"பலம் இல்லேன்னா சோறு போட்டு வளத்துடலாம். கையைத் திருப்பி எடுக்கறவனை நான் என்ன செய்யறது? காரணம் ஏதாவது இருந்தா ரூமுக்கு வந்து சொல்லு. சாப்பாட்டுக்குப் போற வரைக்கும் இருப்பேன். இல்லேன்னா அந்தோணிசாமிதான்."

அவர் போய்விட்டார். பூவராகன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மரத்தடிக்கு வந்தான். பின்னால் ஏகநாதன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"பாத்தியாடி உன் தம்பி பண்ண வேலையை?" என்று ஆரம்பித்தான் பூவராகன். "சார் கிட்ட நான் இன்னா சொல்லி வெச்சேன் தெரியுமா? 'பத்து வருசமா ஆடறேன் சார், ஒத்தை ஆளா என்னை மண்ணுல போட்டவன் இவன் ஒருத்தன்தான்'னு சொன்னேன். என் வாயால சொன்னேன். அத்தினி பேர் முன்னாடி காலை நீட்டிக்கினு நின்னேன். இவன் மொகத்தைத் திருப்பிக்கிறான். பொங்கலை இன்னும் மனசுல வெச்சுகினு கீறான். நான் வாங்கிக் குடுக்கற சீட்டு தொரைக்கு வேணாம்!"

"இல்லை மாமா" என்றான் ஏகநாதன். அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமான்னு கூப்புடாத. இனிமே உங்க வூட்டு வாசலை மிதிச்சா என்னை இன்னான்னு கேளு." மனைவியின் நெற்றிக் குங்குமம் கண்ணில் பட்டதும் கசப்பாகச் சிரித்தான். "காலங்காத்தால கோயிலுக்குப் போனியே, இவனுக்குத்தானே? இன்னா வேண்டிக்கினே? சொல்லு, கேப்போம்."

ஏதாவது ஒன்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தம்பி அதற்குத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றான். காந்தாவால் முடியவில்லை.

"நீங்க கீழ விழக் கூடாதுன்னு" என்றாள்.

பூவராகன் துடைப்பதை நிறுத்தினான்.

"கோயிலுக்குப் போவலை. அம்மா வூட்டுக்குப் போனேன். உங்க காலைப் புடிக்காதேன்னு நான்தான் இவன் கிட்ட சொன்னேன்."

பூவராகன் மாமியாரைப் பார்த்தான். பச்சையம்மா தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவன் மறுபடி மனைவியிடம் வந்தான்.

"அப்போ நான் அவ்ளோ கேவலமானவனா காந்தா?"

"பொங்கல்ல வுட்டுட்டுப் போனீங்களே, சித்திரை வரைக்கும் இருக்கியா செத்தியான்னு ஒரு வார்த்தை உண்டா? வேற இன்னான்னு நெனைக்கறது நான்?"

கல்யாணமான நாளாக அவள் அவனை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அவன் துண்டை மடித்தான், பிரித்தான். அவன் மீது அவளுக்கு இரக்கம் வந்தது, ஆத்திரமும் வந்தது. முந்தைய நாள் சிரித்துக்கொண்டே சொன்னதோடு இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன? ஒரே ஒரு வாக்கியம்!

"சார் ரூம்ல தான் கீறாரு" என்றாள். "நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"இன்னான்னு சொல்றது? நான் கீழ விழுந்தா பொண்டாட்டியைத் தொரத்திடுவேன், அதுக்குப் பயந்துகினு வுட்டுட்டான்னா? அவர்தான் எனக்கு வேலை வாங்கிக் குடுத்தவரு. அந்த ரூம்ல எனக்குன்னு ஒரு மரியாதை கீது. நான் வரமாட்டேன்." பையைத் தோளில் மாட்டினான். "நீதானே ஆரம்பிச்சே. போ, நீயே போய் சொல்லு. நெசத்தைத்தானே சொல்லப்போறே?"

"வேணாம்க்கா" என்றான் ஏகநாதன். "லாரிக்கே போறேன். வுடுக்கா."

அந்த 'வுடுக்கா'தான் அவளைக் கிளப்பியது. செருப்பைக்கூட மாட்டாமல் சுடுமண்ணில் நடந்தாள். அம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது. பூவராகன் கூப்பிடவில்லை.

அசரியா சாரின் ரூமுக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் அந்தோணிசாமி உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கையில் ஒட்டிய மண்ணை ஒரு அம்மாள் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். காலடியில் மீன்கூடை, காலையிலேயே விற்றுத் தீர்த்த வெறுங்கூடை. காந்தாவைப் பார்த்ததும் அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காரும்மா. உன் புள்ளையும் ஆட வந்துச்சா?"

"தம்பி" என்றாள் காந்தா.

"இவன் என் புள்ள. எனக்கு இவன் ஒருத்தன்தான். என் பேரு ரத்தினபாய்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எடம் கெடச்ச மாதிரிதான்னு வெளிய பசங்க சொல்லுதுங்க. அவன் அப்பனைக் கடலு கொண்டுபோனது போதும்மா. இவனாவது கரையில கெடக்கட்டும்."

அந்தோணிசாமி காந்தாவைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தான்.

உள்ளேயிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "வெளியில யாரு? உள்ள வாங்க, நான் சாப்பிடக் கிளம்பணும்" என்றார் அசரியா சார்.

காந்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தினபாய் அவள் முதுகில் கைவைத்து மெல்ல உள்ளே தள்ளிவிட்டாள்.

"போம்மா, பயப்படாத. நல்ல மனுசன். இன்னா சொன்னாலும் கேட்டுக்குவாரு."